கூட்டை மறைத்த கிளை

அம்மாவுக்கு,

கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தம்பி மாத்திரை வாங்கித் தருகிறானா, சாக்குச் சொல்கிறானா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நான் வேலை பார்க்கும் பம்ப் அறைக்குப் பின்னால், புதருக்குள் ஒரு குருவி குஞ்சு பொரித்திருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்துக் கட்டில் கிரேன்காரனிடம் மட்டும் சொன்னேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது தூங்காமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

ஞாயிறு விடிந்ததும் அவன் கேமராவோடு போனோம்.

"கிளை மறைக்குதுடா, ஒடிச்சிடவா?"

"அதுதான்டா அதுங்களுக்குக் கதவு. விட்டுடு."

"சும்மா கேட்டேன்டா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவனை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் நாங்கள் தங்கும் அறையில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினான். மூன்று குஞ்சும் வாயைப் பிளந்திருந்தன, குறுக்கே ஓர் இலைகூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளைகள் தரையில் கிடந்தன. வெயிலில் கூடு காலியாக இருந்தது, மேலே காக்கை. அவனிடம் கேட்டால், "ஒரு குருவிக்காகவாடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்கிறான். படம் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் தின்பண்டம் எதுவும் வேண்டாம். உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, கட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொள்ள. கெட்டியானதாகப் பார்த்துக் கொடு அம்மா, உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது.

உன் பெரியவன்