இரும்புக் குழாய் இருந்த இடம்

நவம்பர் 17

போன கிறிஸ்மஸுக்கு வாங்கிய நத்தார் விளக்குச் சரம் மூன்றும் செத்துவிட்டன. பெட்டியைத் திறந்தால் கருகிய பிளாஸ்டிக் நாற்றம், அதற்குள் ஒரு கரப்பான் குடும்பம். தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி, அதில் இருநூற்று முப்பது வோல்ட். இதை விற்கிறவனுக்கு வெட்கமில்லை, வாங்கிய எனக்கும் இல்லை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

இந்த முறை நானே செய்யப் போகிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடம் வேலை செய்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

நவம்பர் 20

கொழும்பிலிருந்து வருகிற விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கடைக்காரன் சொன்ன விலையில் ஒரு தையல் மெசின் வாங்கலாம். நேரே ஏறாவூருக்குப் போனேன். றமீஸ் பழைய கணினிகளைக் கழற்றி விற்கிறவர். அவரிடம் பவர் சப்ளைகள் குவியலாகக் கிடக்கின்றன. தூசி, பல்லி எச்சம், சீ. மூக்கைப் பொத்திக்கொண்டு நல்லதாக இரண்டு பொறுக்கினேன்.

"தங்கச்சி, எர்த்து இல்லாம இத ஓட்டாதீங்க. பெட்டி கடிக்கும்," என்றார்.

எனக்கா சொல்கிறார்? வீட்டில் மூன்று துளை பிளக்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 28

மழை. மழை. முற்றம் முழுக்கச் சேறு, அட்டை.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்து முறுக்கினால் பவர் சப்ளை கணினி இல்லாமலே ஓடுகிறது. ஐந்து வோல்ட் போதும். தபால் முத்திரை அளவு மின்பலகை ஒன்று புதுச் சரத்தின் முந்நூறு குமிழுக்கும் தனித்தனியாக உத்தரவு கொடுக்கிறது. கடைசி ஐம்பது குமிழ் மட்டும் வெள்ளைக்குப் பதிலாகச் சீழ் நிறத்தில் எரிந்தது. பார்க்கவே குமட்டியது. மற்ற முனையிலும் மின்சாரம் கொடுத்த பிறகுதான் சரிவந்தது.

பலகையை ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்து மூடினேன். எனக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருப்பதன் ஒரே பயன், ஐஸ்கிறீம் பெட்டிக்குப் பஞ்சமில்லை.

டிசம்பர் 8

மாதா கோயில் பூசை முடிந்து வந்து விளக்கைப் போட்டோம். வாசல் இரும்புக் கேற்றின் மேல் வளைவு, வேலி, விறாந்தை எல்லாம் நீலம் ஓடி வெள்ளையாக மாறுகிறது. இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கலியாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு லக்ஷனும் போட்டிருக்கிறான். கட்டாரிலிருந்து வந்தவன். எங்கள் சின்ன ஒழுங்கையில் நத்தார் விளக்கில் சிறந்த வீட்டுக்குக் கோயில் இளைஞர் மன்றம் கொடுக்கிற பரிசு போன வருடம் அவனுக்குத்தான். எங்கள் இரண்டு வளவுக்கும் பொதுவான கம்பிவேலியில், என் கேற் தூண் வரைக்கும், நான் குப்பையில் போட்ட அதே சாதிச் சரத்தைச் சுற்றியிருக்கிறான். மூட்டுகளுக்குக் கடைப் பையைக் கிழித்துக் கட்டியிருக்கிறான். அதோடு கீச்சுக்குரலில் ஒரு பாட்டுப் பெட்டி, ஆறு மணியிலிருந்து ஓயாமல். சகிக்க முடியவில்லை.

வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஐஸ்கிறீம் இன்னும் உருகல்லையா?" என்று கேட்டான். சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

டிசம்பர் 13

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் அடங்கும்.

பின்னேரம் விதுர்ஷா வெறுங்காலோடு போய்க் கேற்றைத் திறந்தவள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அம்மா, கேற் கடிக்கிது." கரண்ட் பார்க்கிற டெஸ்டரைக் கேற்றில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. என் பிள்ளை தொட்ட இரும்பில் கரண்ட்.

எனக்கு வேறென்ன தெரியவேணும்? லக்ஷன்ட கடைப்பை மூட்டு, இந்த மழை. கேற்றடியில் நின்றே கத்தினேன். ஒழுங்கை முழுக்க வெளியே வந்தது. நீயெல்லாம் ஒரு மனிசனா, பரிசுக்காகப் பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவன் மனைவி வாசலில் நின்று அழுதாள். லக்ஷன் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். மழையில் நனைந்துகொண்டு சரத்தை முழுவதும் கழற்றினான். கூரையிலிருந்த பெரிய நட்சத்திரத்தையும் இறக்கினான்.

நல்லது.

டிசம்பர் 14

கேற்றில் டெஸ்டர் இன்னும் எரிகிறது.

அவன் வீட்டில் ஒரு குமிழ்கூட இல்லை. என் பிளக்கைப் பிடுங்கினேன். அணைந்தது. போட்டேன். எரிந்தது. ஐந்தாறு தடவை செய்தேன், ஏதோ ஒரு தடவையாவது வேறு பதில் வரும் என்பதுபோல.

குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கவேண்டிய எர்த்துக் கம்பி சுவரிலிருந்து இறங்கி ஒரு சாண் இரும்புத் தண்ணீர்க் குழாயில் இறுக்கியிருக்கிறது. அந்த ஒரு சாணுக்குக் கீழே இரும்பு இல்லை. நிலத்துக்குள் போவது பிளாஸ்டிக்.

அதைப் போடச் சொன்னது நான். மூன்று வருடத்துக்கு முன் குழாயில் துரு கலந்த தண்ணீர் வந்தது. அந்தச் செம்மண் நிறத்தைப் பார்த்து எனக்கு வாந்தி வந்தது. ஒரு துண்டு இரும்பும் மண்ணுக்குள் இருக்கக்கூடாது என்று குழாய்க்காரனிடம் பிடிவாதமாக நின்றேன். தண்ணீர் சுத்தமானது. எர்த்து அன்றைக்கே செத்துவிட்டது. பவர் சப்ளையில் கசிந்த கரண்ட் போக இடமில்லாமல் அதன் தகரப் பெட்டியில் நின்று, கறுப்புக் கம்பி வழியாகச் சரத்துக்கு வந்து, நனைந்த கேற்றில் நின்றிருக்கிறது. என் பிள்ளையைக் கடித்தது நான்.

சீ. என்ன பிறவி நான்.

டிசம்பர் 15

கோயிலில் லக்ஷன் தானாக வந்தான். "அக்கா, புள்ளைக்கு ஒண்டுமில்லையே?"

ஒன்றுமில்லை என்றேன். பூசையில் என்ன வாசித்தார்கள் என்று தெரியாது.

டிசம்பர் 17

கிணற்றடியில் தடித்த செப்புக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் இறக்கினோம். இவர் சம்மட்டியால் அடித்தார், நான் பிடித்தேன். ஆறடி போனது. வீட்டின் எர்த்துக் கம்பியை அதில் இறுக்கியதும் டெஸ்டர் இருண்டது. இப்போதென்ன திடீரென்று என்று இவர் கேட்டார். மழைதானே, ஒரு பாதுகாப்புக்கு என்றேன்.

யாருக்கும் தெரியாது. தெரியவும் வராது. லக்ஷன்தான் என்று ஒழுங்கையே நம்புகிறது; அவன்கூட நம்புகிறான். இப்படியே விட்டால் பரிசும் எனக்குத்தான். 

டிசம்பர் 19

சொல்லிவிட்டேன். முதலில் இவரிடம், பிறகு லக்ஷனிடம். அன்று கத்திய அதே கேற்றடியில் நின்று, சனம் தண்ணீருக்கும் கடைக்கும் போய்வருகிற நேரத்தில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். உன் சரமில்லை, என் பெட்டிதான்.

கேற்றின் மேல் வளைவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க கத்தினது பரவாயில்ல அக்கா. அண்டைக்கு என்னப் பாத்தீங்களே ஒரு பார்வை, சாக்கடையப் பாக்கிற மாதிரி. அத மறக்க ஏலாது."

உள்ளே போய்விட்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். றமீஸின் கடையிலும் அதைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்த மனுசன் எர்த்தைப் பற்றி ஒரு வரியில் சொன்னதைக் கேட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

டிசம்பர் 20

லக்ஷன் வீடு இன்னும் இருட்டு.

டிசம்பர் 22

மன்றத்துப் பெடியன்கள் புள்ளி போட வந்தார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். கரண்ட் இல்லையா என்று கேட்டார்கள். இருக்கிறது, என் வீட்டைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்றேன். விதுர்ஷா இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 24

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் லக்ஷன். முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, என்ட நட்சத்திரம் இரும்புச் சட்டம். ஒங்கட எர்த்துல எனக்கும் ஒரு வயர் தருவீங்களா?"

கொடுத்தேன். அவன் சரத்தின் மூட்டுகளிலிருந்த கடைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஒழுங்கான இன்சுலேசன் ரேப் சுற்றினேன். அவன் ஏணியைப் பிடித்தான்.  கடைசியில் அவனே டெஸ்டரைக் கேட்டு வாங்கி, முதலில் தன் நட்சத்திரத்தையும் பிறகு என் கேற்றையும் பார்த்தான். பார்க்கட்டும்.

ஆறு மணிக்கு இரண்டு வீட்டு விளக்குகளும் எரிந்தன. அவன் பாட்டுப் பெட்டியும் தொடங்கிவிட்டது. அதே கீச்சுக்குரல், அதே கேவலமான பாட்டு. யன்னலைச் சாத்தப் போனேன். சாத்தாமல் வந்துவிட்டேன்.