ஆறாம் நம்பர் பிரஷ்

இன்று காலை தெப்பக்குளம் கடைவீதியில் பிரஷ் வாங்க நின்றேன். கடைக்காரர் முடியை நாக்கில் வைத்து நனைத்து, கூராக்கிக் காட்டினார். "பாருங்க, ஊசி மாதிரி." நான் முனையைப் பார்க்கவில்லை. கையில் வாங்கி, முடியின் நடுப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து அழுத்தினேன். விட்டதும் எழுந்து நிற்கிறதா என்று பார்த்தேன். "படம் வரைவீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நகம் செய்வதற்கு என்று சொன்னால் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கும். நீயாக இருந்தால் அந்த அரைமணி நேரத்தைச் சந்தோஷமாகச் செலவழித்திருப்பாய்.

கல்லூரி முடிந்ததும் நீ புத்தூரில் உன் அண்ணன் நடத்திய பல் செட் செய்யும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாய். நான் ஸ்ரீரங்கத்தில் வீணையோடும் நூலகப் புத்தகங்களோடும் உட்கார்ந்திருந்தேன். வாரம் ஒருநாள் டவுன் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். வாசலிலேயே, பல் செய்யும் பொடியைக் குழைக்கிற திரவத்தின் நெடி மூக்கில் ஏறும். ஜன்னல் ஓரத்தில் யார் யாருடைய ஈறுகளோ வெள்ளைச் சுண்ணாம்பு அச்சுகளாகக் காய்ந்துகொண்டிருக்கும். நீ அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாய். மேல்வரிசை மட்டும் உள்ள ஒருவர் 'ஹெட்மாஸ்டர்'.

வானொலி நிலையத்தில் குரல் தேர்வு போல வாத்தியத்துக்கும் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் ஒலிபரப்பில் வாசிக்க முடியும். அதற்கான கடிதம் எனக்கு வந்தபோது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வாரமே என் வலது ஆள்காட்டி விரல் நகம் சதைவரை பிளந்தது. அது எப்போதுமே மெல்லிய நகம். கம்பி வளையம் மாட்டிக்கொண்டு மீட்டலாம். பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். எனக்கு அந்த ஒலி ஒத்துவரவில்லை. தந்தியில் நகம் பட்டு விலகும்போது வரும் சுத்தம் அதில் இல்லை. வீட்டில் வேறு ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதில் தேறாவிட்டால் வீணையை உறையில் போட்டுவிட்டு வருகிற வரனைப் பார்ப்பது என்று அப்பா சொல்லியிருந்தார். இதை உன்னிடம் சொன்னேன். நீ விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"வாய் பூரா பல்லு செஞ்சு குடுக்கறோம். ஒரு நகம் செய்ய முடியாதாடி?"

முதலில், பல்லுக்குச் செய்வது போலவே பொடியையும் திரவத்தையும் கிண்ணத்தில் குழைத்து, மாவாக எடுத்து அப்பினாய். நகம் தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி போலக் கனத்தது. மெல்லிதாக வர வேண்டுமென்றால் பிரஷ்ஷில் துளித் துளியாக எடுத்து வைக்க வேண்டும் என்று நீயாகவே கண்டுபிடித்தாய். உன் அண்ணன் மகளின் கலர்ப் பெட்டியிலிருந்து பிரஷ்ஷை எடுத்து வந்தாய். திரவத்தில் ஊறியதும் அதன் பிளாஸ்டிக் பிடி இளகி உன் விரலோடு ஒட்டிக்கொண்டது. முடிகள் கழன்று என் நகத்தோடு சேர்ந்து இறுகின.

"உன் நகத்துக்கு மீசை முளைச்சிருக்குடி," என்றாய். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "பாப்பா, வந்தவங்களுக்குப் பல்லு குடுக்கணும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் இதே கடைக்குத்தான் வந்தோம். நீ கைப்பையில் மருந்துப் புட்டியில் அந்தத் திரவத்தைக் கொண்டுவந்திருந்தாய். கடைக்காரர் ஒவ்வொரு பிரஷ்ஷாக நாக்கில் நனைத்துக் காட்ட, நீ ஒவ்வொன்றாக வாங்கிப் புட்டியில் முக்கினாய்.

"என்னங்க இது, மண்ணெண்ணெயா?"

"பல்லு வைக்கிற மருந்துங்க."

"பல்லுக்கு எதுக்குங்க பிரஷ்ஷு?"

"ஊர்ல எல்லாரும் பல்லுக்குத்தானேங்க பிரஷ் வாங்கறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நீ எத்தனையை நனைத்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. நைலான் முடி திரவத்தைக் குடிக்கவே இல்லை. முனையில் ஒரு சொட்டு தொங்கி விழுந்தது. அணில் முடி நிறையக் குடித்தது, ஆனால் துவண்டு படுத்துவிட்டது. துவண்ட முடியால் துளியைத் தள்ள முடியாது. கீரி முடி குடிக்கவும் செய்தது, நிமிரவும் செய்தது. பிறகு அளவு. இரண்டாம் நம்பரில் எடுத்தால் கடுகளவு துளிதான் வரும்; பத்துத் தடவை வைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் பின்னால் ஒரு விரிசல் என்றாய். பத்தாம் நம்பரில் திரவம் மிஞ்சிச் சதையில் வழிந்து எரியும். கடைசியில் ஆறாம் நம்பரை எடுத்தாய், சாயம் பூசாத மரப்பிடியோடு. சாயம் பூசியதென்றால் அதுவும் கரைந்து நகத்தில் சேரும்.

"எல்லாரும் முனையைப் பாக்கறாங்க. நீ வயித்தைப் பாரு. குடிச்சதைப் பிடிச்சு வச்சுக்கறது அதுதான்," என்றாய்.

அதன்படியே செய்தாய். நகத்தடியில் மெல்லிய ஈயத்தாள் துண்டு. பிரஷ்ஷைத் திரவத்தில் முக்கி, ஒரு பக்கத்தை மட்டும் புட்டியின் விளிம்பில் வழித்து, முனையைப் பொடியில் தொட்டால் ஒரு முத்து திரளும். அதை நகத்தின் நடுவில் வைத்து, பிரஷ்ஷின் வயிற்றால் அழுத்தி நுனிவரை இழுப்பாய். மூன்றே முத்து. இறுகியதும் அரத்தால் தேய்த்து மெருகு போட்டாய். பல் நிறத்தில், கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "அந்தக் கையாலயா சாப்பிடப் போறே?" என்றாள். ஆனால் அன்று மாலை நான் மீட்டியபோது சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டாள்.

தேர்வு நாளில் நீயும் வந்தாய். வழியில் நகம் பெயர்ந்தால் ஒட்டித் தர வேண்டும் என்று புட்டி, பொடி, பிரஷ் எல்லாவற்றையும் டிபன் டப்பாவில் வைத்திருந்தாய். காத்திருக்கும் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். கரூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்த ஒரு பெண் வீணை உறையின் பித்தளைக் கொக்கியைக் கழற்றும்போது நகத்தைப் பிளந்துகொண்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நீ அதைப் பார்த்தாய். உடனே டப்பாவைத் திறந்தாய். பஸ்ஸின் குலுக்கலில் புட்டியின் மூடி தளர்ந்து, திரவம் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. ஒரு நகத்துக்கு வரும்.

"இவங்களுக்குப் போட்டு விடட்டுமா?" என்று என்னைக் கேட்டாய்.

"நான் வாசிச்சிட்டு வந்துடறேனே. எனக்கு அப்புறம்தானே அவங்க. அப்போ போட்டு விடு," என்றேன். வரிசையில் என் பெயர் மூன்றாவது, அவள் பெயர் ஐந்தாவது.

அந்தப் பெண், "பரவாயில்லைங்க, இருக்கட்டுங்க," என்றாள்.

சற்று நேரத்தில் கதவைத் திறந்த அலுவலர், "வெளியூர்க்காரங்க முதல்ல வாங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்ல," என்று சொல்லி, முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார். அவள் அந்த நகத்தோடு உள்ளே போனாள். கதவு கனமானது, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் அப்பா, "எப்படிம்மா?" என்றார். "வாசிச்சேன்ப்பா," என்றாள். விரல் நுனியில் ரத்தம் கோடாக இருந்தது. நீ எழுந்து உன் கைக்குட்டையைக் கொடுத்தாய்.

நான் நன்றாக வாசித்தேன். நகம் அசையவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தேறியதாகக் கடிதம் வந்தது. அப்பா வரன் பேச்சைத் தள்ளிவைத்தார்.

அன்று திரும்பும்போது ஸ்ரீரங்கம்வரை நீயும் என்னோடு பஸ்ஸில் வந்தாய். நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய். பிறகு, "விடுடி. அவங்களை முதல்ல கூப்பிடுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். நான் வெளியே பார்த்தேன்.

எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷமும் நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். தேறாமல் போனதால் வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும்தான். அன்றைக்கு முதல் பெயர் என்னுடையது. இதே அலுவலர் இதே வார்த்தைகளைச் சொல்லி வெளியூர்க்காரர்களை அழைத்துப் போனார். நான் நான்காவதாகப் போனேன். "எனக்கு அப்புறம்தானே அவங்க" என்று உன்னிடம் சொன்னபோது அது ஞாபகம் இருந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் முடிந்துவிட்டது. அதற்கு முன் மூன்று வருஷம், மாதம் ஒருமுறை என் கையை மடியில் வைத்து நீ நகம் செய்திருக்கிறாய். சொல்ல எத்தனையோ பொழுது இருந்தது. நீ கோபப்பட்டுக் கையை உதறியிருக்கலாம். சிரித்துவிட்டு அடுத்த முத்தை எடுத்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை அவ்வளவு தெரிந்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இடது கையால் நானே செய்துகொள்கிறேன். நான்கு முத்து ஆகிறது. வருஷத்துக்கு மூன்று தடவை ஒலிபரப்பில் வாசிக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரை இதுவரை வானொலியில் கேட்டதில்லை. வேறு ஊர் நிலையத்தில் வாசிக்கிறாளாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

நீ என்னைப் பற்றி நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டாய். அது எனக்குச் சேர வேண்டியதல்ல. திருப்பித் தர ஆளில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.