அரசியைக் கொடுத்த இடம்

குரும்பகரம்,
12-9-83

அன்பு மகன் தங்கையனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்தப் பிலாய் ஊரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, போன வருஷம் காய்ந்ததை நினைத்துக்கொண்டு அப்பா பொழுது விடிந்ததும் மடைக்குப் போய் நின்றுவிடுகிறார். செவலைப்பசு கிடேரி போட்டிருக்கிறது. என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய், அது அப்படியேதான் இருக்கிறது, கல்யாணத்தில் நின்றதில் கொஞ்சம் கூடிவிட்டது.

மாமா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். முடிந்தது. அரசி நல்ல இடத்துக்குப் போய்விட்டாள். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் போதும் என்றால் இதோடு நிறுத்திவிடலாம், ஆனால் எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் தம்பி. அப்பாவிடம் ஆரம்பித்தால் ரேடியோவைத் திருகுகிறார். நீ தூரத்தில் இருக்கிறாய், என் முகத்தைப் பார்க்க மாட்டாய், அதனால் உன்னிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அரசி பிறந்த சேதி பிரான்சில் துலோனிலிருந்து வந்த அன்றே நான் என் மருமகள் பிறந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். கூடப் பிறந்த அண்ணன் மகள், முறைப்பெண், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் அஞ்சுகம் அண்ணியும் சிரித்துக்கொண்டு, ஒங்க வீட்டுக்கு வரப்போறவதானே, இப்பவே சாணி தெளிக்கக் கத்துக்குடு காசி என்றுதான் சொல்வார். இந்த வருஷம் ஆடி மாதம் வந்தார்கள். காரைக்காலில் கட்டியிருக்கும் மாடிவீட்டுக்கு வெள்ளை அடித்த சேதி கேட்டு, நம்மிடம் பேசத்தான் போகிறார்கள் என்று நான் உன் படத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அண்ணி காரில் வந்து இறங்கினார். தட்டில் பத்திரிகை இருந்தது, எனக்கொரு புடவை, முறைக்காரனுக்கு என்று உனக்கொரு வேட்டி. நான் ஒன்றும் கேட்காமலே அவராகச் சொன்னார், தங்கையனுக்கு என்ன கொறை காசி, நல்ல புள்ள, ஆனா இவ அங்க வளந்தவ, இங்க உள்ளவங்களுக்குக் குடுத்தா காயிதம் அது இதுன்னு எத்தன அலைச்சல், அதான் நம்ம ஆளுங்களுக்குள்ளயே பாத்துட்டோம்.

நம்ம ஆளுங்க. நான் மோர் கரைத்துக் கொடுத்தேன், அவர் குடித்துவிட்டுப் போனார், அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. ஒரே சாதி, ஒரே குலதெய்வம், உன் மாமாவும் நானும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். வெள்ளைக்காரன் போனபிறகு அறுபத்திரண்டில், யார் யார் பிரெஞ்சுப் பிரஜையாக இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, பட்டாளத்தில் இருந்த மாமா ஆமாம் என்றார். நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க மச்சான் என்று அப்பாவிடமும் சொன்னார். அப்பா, எங்க கொடிய நாங்க புடிச்சிக்கிறோம் என்றார். அந்தச் சமயம் எனக்கு அது ஏதோ ஆண்பிள்ளைகள் பேச்சாக இருந்தது. இருபது வருஷத்தில் அதுவே ஒரு சாதியாகிவிட்டது தம்பி. அவர்களுக்குள் கொடுக்கிறார்கள், அவர்களுக்குள் எடுக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போகலாம் என்று எத்தனை வீட்டுப் பையன்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் சுற்றுகிறார்கள். நெய்னா முகம்மது ஜவுளிக்கடைக்கு நானும் அண்ணியும் சேர்ந்து போனோம், அவருக்கு நாற்காலி வந்தது, கலர் வந்தது, எனக்கு ஒதுங்க இடம் வந்தது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, மரியாதையான மனிதர், பிறகு எனக்கும் நாற்காலி போடச் சொன்னார். ஆனால் பிறகு சொன்னார். ஜூலை பதினாலில், பிரெஞ்சுக்காரர்களின் அந்தத் திருநாளில், மாமா கோட்டு மாட்டி மெடல்களைக் குத்திக்கொண்டு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மற்ற சொல்தாக்களோடு வரிசையில் போவதைப் பார்த்திருக்கிறாயே, ஊரே பார்க்கும், என் அண்ணன் என்று நெஞ்சு நிமிரும், அடுத்த நிமிஷமே நம் அப்பா சேற்றுக்காலோடு வருகிற ஞாபகம் வந்து வயிறு எரியும். அண்ணியின் கையில் வீசுகிற சோப்பு வாசனைகூட எனக்குப் பொறுக்கவில்லை என்றால் நீ சிரிப்பாய்.

கல்யாணம் காரைக்காலில் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரி. தாத்தா காலத்திலேயே வெள்ளைக்காரப் பேர் வைத்துக்கொண்ட குடும்பம், கோர்ட்டில் துபாஷாகவும் வக்கீலாகவும் இருந்தவர்கள். முன்வரிசையில் மெத்தை நாற்காலி, அதில் அவர்களும் லீவுக்கு வந்த பிரான்சுக்காரர்களும். பின்னால் தகர நாற்காலி, அதில் நம் ஊர் ஜனங்கள். முன்னால் பிரெஞ்சும் தமிழும் கலந்து ஓடியது, பின்னால் உள்ளவர்கள் கல்யாணத்தைப் பார்த்ததைவிட அவர்கள் பிடரியைத்தான் பார்த்தார்கள். நலங்கு வைக்க அத்தைதான் முதலில் வரவேண்டும், அது நம் வழக்கம். நான் மஞ்சள் கிண்ணத்தை எடுப்பதற்குள் அண்ணி துலோனில் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு அம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஆரம்பிக்கச் சொன்னார். என்னிடம் வந்து, காசி, உக்கிராண அறைய நீதான் பாத்துக்கணும், ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா என்றார். சாவியை வாங்கிக்கொண்டேன். நம்பிக்கையான ஆள் என்று கொடுக்கிறார்களா, பார்வைக்கு வேண்டாத ஆள் என்று கொடுக்கிறார்களா என்பது சாவியைப் பார்த்தால் தெரியாது. அரசி மட்டும் அலங்காரத்தோடு அறைக்குள் வந்து காலில் விழுந்து, அந்த உடைந்த தமிழில், மச்சான் வரலியா அத்தே என்று கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது பாவம். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, உனக்கு வரவேண்டியவள் என்று அப்போதுதான் அதிகமாகத் தோன்றியது.

தாலி கட்டி முடிந்து போட்டோ எடுக்கிற நேரம். மாமா கோட்டும் மெடலுமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றார். உக்கிராண அறை வாசலில் மாப்பிள்ளையின் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், மெதுவாகப் பேசவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சொல்தா வீடுதானே, துப்பாக்கி தூக்கி வந்த பவுசு, நாலு பேரு பாக்குற போட்டோவுல அந்தத் தகரத்தக் கழட்டிட்டு நிக்கச் சொல்லுங்களேன் என்றார். ஒரு பையன் போய் மாமா காதில் சொன்னான். அவர் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நேராக என் அறைக்கு வந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார், கடைசி ஊசி வரவில்லை, நான்தான் எடுத்துவிட்டேன். காசி, இதக் கொஞ்சம் வச்சிரு என்றார். போட்டுக்கிட்டே நில்லுங்கண்ணே, ஒங்க மவ கல்யாணம் என்றேன். அவங்க சொல்றதும் சரிதானே, கல்யாணத்துக்கு எதுக்கு இது என்று சொல்லிவிட்டுப் போய் ஓரமாக நின்றார்.

உன்னிடம் மறைப்பானேன், அந்த மாப்பிள்ளையின் அம்மா தகரம் என்று சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது. அண்ணிக்கு மேலேயும் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு சந்தோஷம். மாமாவின் கோட்டில் ஊசி குத்திய பொத்தல்கள் வெறுமனே தெரிந்தபோதுதான் அது போயிற்று. மெடல்களை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அப்படி முடிந்துகொண்டு நிமிர்ந்தால் பக்கவாட்டு வாசலில் பூவாயி நிற்கிறாள், நம் வயலில் நடவுக்கு வருகிறவள். அரசி சின்னப்பிள்ளையாக நம் வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அல்லவா, மணக்கோலத்தில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். கூட அவள் மகள், நாகப்பட்டினத்தில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவள். நான் யோசிக்கவே இல்லை தம்பி, வாயில் தானாக வந்தது, பின்னாடி போயி உக்காரு பூவாயி, சோறு அனுப்புறேன் என்றேன். பூவாயி சரிங்கம்மா என்று திரும்பினாள். அந்தப் பெண் நகரவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வேணாம்மா, வா, பஸ்ஸு இருக்கு, போவம் என்று தாயின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வாசல்வரை போய்க் கூப்பிட்டேன். பூவாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள், மகள் பார்க்கவில்லை.

அவளுக்குச் சீட் கிடைத்தபோது, சர்க்கார் அவங்களுக்குத்தான் எல்லாத்தயும் குடுக்குது என்று நானே கிணற்றடியில் பேசியவள்தான். இப்போது அவள்மேல் எனக்கு வந்தது அந்தப் பொறாமை இல்லை. சாப்பிடாமல் திரும்பிப் போனாளே, அதில் வந்தது. அண்ணி நலங்குக்கு வேறொரு அம்மாளைக் கூட்டிவந்தபோது அப்படிப் போய்விட எனக்குத் தோன்றவில்லையே. நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரைக்கும் சாப்பிட்டேன். மாமாவும் மெடலைக் கழற்றினார், அவரும் போய் நின்றார். இருபது வயதுப் பெண் பிள்ளை, இலையைத் தள்ளிவிட்டுப் போகிற தைரியத்தை எங்கேயிருந்து வாங்கினாள் என்று இன்றுவரை நினைக்கிறேன். பூவாயி நடவுக்கு வருகிறாள், முன்போலத்தான் பேசுகிறாள். ஒருநாள் வீட்டுக்குள் வந்து உக்காந்து சாப்பிடு பூவாயி என்றேன். வேணாங்கம்மா, கொண்டாந்துருக்கேன் என்று வரப்பிலேயே உட்கார்ந்தாள். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து மாமா பஸ்ஸில் வந்தார், காரில் இல்லை. மெடல்களைக் கொடுத்தேன், எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். பழையதும் சுண்டவைத்த குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, தங்கையனுக்கே குடுத்துருக்கலாம் காசி என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன், வந்துவிட்டது, வந்தபிறகு எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணிக்கிட்ட சொன்னீங்களா என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன வாரம் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். வழியனுப்ப நான் போகவில்லை, முழங்காலைச் சாக்குச் சொன்னேன். அண்ணி மேல் உள்ள எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். உறையில் பிரெஞ்சு முத்திரையோடு அவர் கடிதம் வந்தால் இன்னும் எனக்கு எரியத்தான் செய்யும்.

இனி உன் விஷயம். கடிதத்தின் அடியில், இடமில்லாததுபோல நுணுக்கி எழுதியிருந்தாயே, டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிற ஒரு தெலுங்குக்காரப் பெண்ணைப் பொங்கலுக்கு அழைத்து வரலாமா என்று. எதற்கு என்று நீ எழுதவில்லை, எனக்கும் புரியாமல் இல்லை. அப்பாவுக்கு அந்தப் பக்கத்தை இன்னும் படித்துக் காட்டவில்லை. அவரிடம் நான் சொல்லுகிற விதத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஊரில் பேசுவார்கள், உன் பெரியப்பா வீட்டார் வாசல் மிதிக்க மாட்டார்கள், எனக்கும் மனசு இன்னும் சமாதானமாகவில்லை. வேறு பாஷை, வேறு சாமி, நம் வீட்டுச் சமையலை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாளா என்றெல்லாம் ஓடுகிறது. இருந்தாலும் அழைத்துக்கொண்டு வா. நம் வீட்டில் அவளை முன்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவேன், கூடத்தில் என் பக்கத்தில் இலை போடுவேன், யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன். பிடித்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பார்க்காமலே அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ இன்றைக்குச் சாப்பிட்டாயா, முகம் வாடியிருக்கிறாயா, புதுச்சட்டை போட்டாயா என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிகிறது.

வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. ராத்திரி ஷிஃப்டு முடிந்து வந்தால் வெந்நீரில் குளி. முருகனும் நம் எல்லையம்மனும் உன்னைக் கண்ணைப்போலக் காக்கட்டும், அப்பாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே, தெலுங்குக்காரப் பெண், வாத்தியார் வேலை பார்க்கிற பெண் என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாய், அவள் பேர் என்ன என்று எழுதவில்லை. வாசலில் வந்து நிற்கும்போது நான் என்ன சொல்லி வா என்று கூப்பிடுவது? அதை முதலில் எழுது.

உன் அம்மா,
காசியம்மா