நடுக்கட்டத்தில் ஒரு புள்ளி

11.10.2025, சனி

காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. தீபாவளிக்குள் சரக்கு போயாக வேண்டுமாம், அதனால் ஓவர்டைம். ஒரு டிவிக்குப் பதினோரு வினாடி. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு. ஐந்து கலரும் ஓடி முடிவதற்குள் திரை முழுக்கப் பார்த்து, நிறம் மாறாத செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பட்டனை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பத்தாவது மணி நேரத்தில் எனக்கு என் பேரே மறந்துபோச்சு. லைன் லீடர் சுப்ரஜா பின்னால் வந்து நின்று, "செவ்வந்தி, கை நிக்குது பார்" என்றாள். கை நின்றால் தெரிகிறது. கண் நின்றால் யாருக்குத் தெரியும்?

நாள் முழுக்க டிவி பார்க்கிறவள் வீட்டில் டிவி இல்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அரசாங்கம் கொடுத்த பழைய பெட்டி டிவி போன வருஷமே செத்துவிட்டது, இப்போது அதன் மேல் துணி மடித்து வைக்கிறேன். இந்த போனஸில் வாங்கியே தீருவது. ஆறு வருஷமாக ஐந்து கலரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்க்க வேண்டும்.

26.10.2025, ஞாயிறு

எரிச்சல். அடக்க முடியாத எரிச்சல்.

உத்திரமேரூர் டிவிக் கடைக்குப் போனோம். நான், இவர், இவருடைய தம்பி வசந்த்குமார். கொழுந்தனார் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார், அதனால் கரன்ட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இரண்டு டிவி. இரண்டும் நாற்பத்து மூன்று இன்ச். ஒன்று பதினெட்டாயிரம், ஒன்று இருபத்தெட்டாயிரம். வேறு வேறு பேர். இரண்டுமே எங்கள் கம்பெனியில், என் லைனில், என் கண் முன்னால் போகிறவை! ஒரே திரை. காலையில் ஒரு பேர் ஒட்டுகிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பேர். விலை கூடினதில் ஸ்பீக்கர் கொஞ்சம் பெரிசு, ரிமோட்டில் பேசினால் தேடித் தரும். அவ்வளவுதான். சொன்னேன்.

சேல்ஸ்மேன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவரைப் பார்த்து, "அண்ணே, இதுல பிக்சர் குவாலிட்டியே வேற" என்கிறான். கொழுந்தனார் சிரிக்கிறார். "அண்ணி, நீங்க ஸ்டிக்கர் ஒட்டறவங்க. உள்ள இன்னா கீதுன்னு உங்களுக்கு எப்டி தெரியும்? நான் பத்து ரிவியூ பாத்துட்டு வந்துகீறேன்."

ஸ்டிக்கர் ஒட்டறவளாம்!

இவர் இருபத்தெட்டாயிரத்தின் ரிமோட்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாக, "அவன் சொல்றதையும் யோசிக்கணும் இல்ல" என்றார். நான் இல்லாமல் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நன்றாகத் தலையை ஆட்டினார்.

8.11.2025, சனி

வாங்கிட்டாங்க.

நான் ஷிஃப்டில் நிற்கும்போது போய் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரில் தொங்குகிறது. இருபத்தெட்டாயிரம் ரூபாய் டிவி. என் போனஸ்.

"ஆஃபர் இன்னியோட முடியுதுன்னாம்மே."

"எனக்கு ஒரு போன் போட்டா இன்னா?"

"லைன்ல போன் எடுக்க வுடமாட்டாங்கன்னு நீதானே சொல்லுவ."

இவர் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! எந்த டிவி என்பதுகூட எனக்குப் பெரிசில்லை. பதினெட்டோ இருபத்தெட்டோ, எதையோ வாங்கித் தொலையட்டும். ஆறு வருஷமா ஒரு வேலை செய்யறேன், அதுல எனக்கு ஏதோ தெரியும்னு இந்த வூட்ல ஒரு ஆளு நினைக்கலையே. ஒரு வார்த்தை கேக்கலையே.

சாப்பிடவில்லை. இவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

9.11.2025, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து, கோபத்தோடுதான், படம் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு காட்சியில் கதாநாயகி வெள்ளைச் சுவர் ஓரமாக நிற்கிறாள். அந்தச் சுவரில் ஒரு புள்ளி. காட்சி மாறியது. புள்ளி மாறவில்லை. எழுந்து கிட்டே போனேன்.

எங்கள் வேலையில் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்துப் பார்ப்போம். ஓரக் கட்டங்களில் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். நடுக்கட்டத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது நடுக்கட்டம். எள்ளில் பாதிகூட இல்லை. இவர் கண்ணுக்கும் தம்பி கண்ணுக்கும் ஜென்மத்துக்கும் தெரியாது.

எந்தக் குருடி இதை விட்டாள் என்று திட்டிக்கொண்டே, கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, செல்போன் வெளிச்சத்தில் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன். செக்கிங் நம்பர் 64. தேதி 11.10.2025. நேரம் மாலை 3.50.

64 நான்தான்.

12.11.2025, புதன்

படம் தெரியவில்லை. புள்ளிதான் தெரிகிறது.

14.11.2025, வெள்ளி

வாங்கின பத்து நாளுக்குள் சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லலாமா?

சுப்ரஜா கல்யாணமாகிப் போகிறாள். ஜனவரியில் புது லைன் லீடர். நானா இளவரசியா என்றுதான் பேச்சு. நான்தான் சீனியர். ஜனவரி முதல் ஒரு வருஷம் அவரவர் நம்பர் மேல் கஸ்டமர் புகார் வந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. பத்து மாதம் பத்து நாள் தாண்டிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் லீடர். நிற்க வேண்டாம், நடக்கலாம், நாற்காலி உண்டு. வாயைத் திறந்தால் புகார் நேராக 64க்கு வந்து நிற்கும்.

யார் மேலே கோபப்படறது? பத்து மணி நேரமா நிக்க வச்சவங்க மேலயா, நின்னவ மேலயா? அன்றைக்கு வாங்கின ஓவர்டைம் காசும் இந்த டிவியில்தான் இருக்கிறது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

16.11.2025, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்ல நினைக்கவில்லை.

கொழுந்தனார் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், டிவி காட்ட. டீ போட்டுக் கொடுத்தேன். "இன்னா க்ளியரு பாத்தியா? அண்ணி பேச்சக் கேட்டு அந்த சீப் டிவி வாங்கியிருந்தா ஒரே பேஜாராப் போயிருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

டம்ளரை வைத்துவிட்டு என் போனிலிருந்து டிவிக்கு ஒரு வெறும் வெள்ளைப் படத்தை அனுப்பினேன். கொழுந்தனாரின் விரலைப் பிடித்துப் புள்ளி மேல் வைத்தேன்.

"இது இன்னா?"

"தூசி, அண்ணி."

"தொட."

கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தார். வாயால் ஊதினார். மறுபடியும் துடைத்தார். "போவலியே..."

"போவாது. அது உள்ள கீது. உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்." அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பது கட்டம், பதினோரு வினாடி, 64ஆம் நம்பர், லீடர் வேலை, எல்லாம். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சிநேகிதர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இவர் எழுந்து வந்து வெள்ளைத் திரையில் புள்ளியைக் குனிந்து பார்த்தார். "யாருக்கும் தெரியாத புள்ளிமே. வுட்டுடேன். நீ லீடர் ஆவணும் இல்ல?"

கல்யாணமாகி முதல் தடவையாக என் வேலையைப் பற்றி யோசித்து ஒரு பேச்சு பேசினார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"தெரியாதவங்க வுடலாம். எனக்குத் தெரியுதே, யோவ்! தெனம் அது மூஞ்சியில நான் எப்டி முழிக்கறது?"

17.11.2025, திங்கள்

புகார் கொடுத்துவிட்டேன். போனில் பேசின பெண், "மேடம், நடுக்கட்டம்னா என்ன?" என்று கேட்டாள். விளக்கினேன்.

27.11.2025, வியாழன்

சுப்ரஜா கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள். "உன் வீட்டு டிவிக்கு நீயே புகார் கொடுத்திருக்க. பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு மாசம் பொறுக்க முடியலையா?"

"பத்தாவது மணி நேரத்துல பார்த்தது அது. அதையும் எழுது."

"அதுக்கு இதுல இடம் இல்லடி."

அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தாளின் ஓரத்தில் நானே எழுதினேன்: பத்தாவது மணி நேரம். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். யாராவது படிப்பார்களா? படிக்க மாட்டார்கள். இருக்கட்டும்.

2.12.2025, செவ்வாய்

வேறு டிவி மாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பது கட்டமும் பார்த்தேன், சுத்தம். பின்பக்கம் 31ஆம் நம்பர். நல்ல கண்.

5.1.2026, திங்கள்

இளவரசிதான் லீடர். கேக் கொடுத்தாள். நல்ல பெண், அதனால் திட்டவும் வழியில்லை. தின்றேன். திரும்பிப் போய் நின்றேன்.

11.1.2026, ஞாயிறு

காலையில் கொழுந்தனார் வாசலில் நின்றார். தை பிறந்தால் அவருக்குக் கல்யாணம், டிவி வாங்க வேண்டுமாம்.

"அண்ணி, கடைக்கு வர்றீங்களா?"

"ரிவியூ பாக்கலையா?" என்றேன். இவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதே கடை, அதே சேல்ஸ்மேன். கொழுந்தனாரிடம் இருபத்தெட்டாயிரத்தைப் பற்றி ஆரம்பித்தான். "என்னாண்ட சொல்லாத. அவங்களாண்ட சொல்லு" என்று என்னைக் காட்டினார்.

நான் முதலில் ஒரு நாற்காலி கேட்டேன். உட்கார்ந்துகொண்டு, பதினெட்டாயிரம் ரூபாய் டிவியைப் பிரிக்கச் சொன்னேன். ஐந்து கலரையும் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். முதல் டிவியில் ஓரத்தில் நான்கு புள்ளி. இரண்டாவதில் நடுக்கட்டத்திலேயே ஒன்று. இரண்டையும் வேண்டாமென்று ஒதுக்கினேன். மூன்றாவதைப் பிரிக்கும்போது சேல்ஸ்மேன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எவ்ளோ நேரம்கா பாப்பீங்க? கஸ்டமர் நிக்கறாங்க."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவ பாத்து முடிக்கட்டும்பா. அவ வேலை அது."

திரை கடைசியாகக் கருப்புக்கு மாறியது. குறை ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன்.