சாளரமும் பலகணியும்

17 அக்டோபர் 2005, திங்கள்

விடியலில் தூறல். நோன்புக்கு ஸஹர் உண்டு, தொழுது திரும்புகையில் வெயில். குடைக்கம்பி பழுது பார்க்க வேண்டும். கண் சொட்டு மருந்தும் மறக்கலாகாது.

ஜெர்மனியிலிருந்து மின்மடல். ஓராண்டாகப் புதுவாயல் கட்டற்ற மென்பொருள் வட்டம் (பு.வ.), அதாவது நாங்கள், ஓர் எழுத்து மென்பொருளைத் தமிழாக்கி வந்தோம். திருவள்ளூர்த் திறமூலக் கூடமும் (தி.கூ.) அதே பணியைத் தனியே செய்தது. மென்பொருள் ஒன்று, மொழி ஒன்று, கோப்பு மட்டும் இரண்டு. அம்மென்பொருளை ஆக்கும் தாய்த்திட்டத்தாராகிய ஜெர்மானியர் பொறுமை இழந்துவிட்டனர். வெள்ளி மாலைக்குள் இரு சாராரும் ஒப்பிய ஒரே கோப்பு வரவேண்டும். வாராவிடில் இவ்வெளியீட்டில் தமிழ் இல்லை. நியாயம்தான். குறை சொல்ல இயலவில்லை.

மகள் ரஹிமாவின் முகம் வாடிற்று. எங்கள் பழைய இரும்புக் கடையின் மாடியில் அவள் நடத்தும் பயிலகத்தில் பலகை மாட்டியாயிற்று: "பெருநாள் கழிந்த திங்கள் முதல் கணினி வகுப்பு. முழுக்கத் தமிழில்." ஆலைப் பெண்கள் பலர் பெயர் கொடுத்துள்ளனர். ஆங்கிலம் என்றால் ஒருத்தியும் படியேறாள். சொற்களை மென்பொருளோடு சேர்த்துக் கட்டித் தரும் வலுவான கணினிகள் ஜெர்மானியரிடமே உள்ளன. அவர்கள் தந்தால்தான் வகுப்பு.

இதற்கிடையே மடற்குழுவில் தி.கூ.வின் கோதண்டம் நாயுடு (ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி, பரம வைணவர், நேரில் கண்டதில்லை): "புதுவாயலில் சாளரம் திறந்தால் லாரிப் புகைதான் உள்ளே வரும்." அடியேன் மறுமொழி: "திருவள்ளூர்ப் பலகணியில் பார்த்தால் நின்றுபோன ரயில்தான் தெரியும்."

எழுதியபின் சிறிது நாணம். நோன்பு வேறு. அழித்திருக்கலாம். ஆனால் நல்ல வரி.

18, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பூசலின் சுருக்கம், என் தெளிவுக்காக. திரையில் திறக்கும் கட்டத்துக்கு நாங்கள் "சாளரம்", அவர்கள் "பலகணி". வேண்டாததைப் போக்க நாங்கள் "நீக்கு", அவர்கள் "அழி". இப்படி அறுபது எழுபது. ஒன்றில் விட்டால் எல்லாவற்றிலும் விட வேண்டும் என்று இரு சாராரும் ஓராண்டாக விடவில்லை.

மாலை செல்வி வந்தாள். அத்திப்பட்டு மின்நிலையத்தில் கருவிப் பிரிவு; பு.வ.வின் கைகளும் மூளையும் அவளே. "இன்னா பாய், நாயுடு எறங்கி வர மாட்டாரு, நீங்களும் எறங்க மாட்டீங்க. ரஹிமா அக்கா பலகைய கழட்டிட்டு வடை விக்கலாம்."

தொழுகையில் மனம் அதிலேயே. நற்செயலில் முந்திக்கொள்வதை மார்க்கம் விரும்புகிறது. ஆனால் முந்துவதற்கென்றே நற்செயலை நிறுத்தி வைப்பது என்ன முறை? சலாம் கொடுத்து எழுந்ததும் செல்வியிடம் சொன்னேன்: நம் கோப்பில் உள்ள நம் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு நாயுடுவின் சொற்களைப் போடு. யாருக்கும் சொல்லாதே. வியாழன் நோன்பு திறக்க அவரை அழைப்போம், அப்போது காட்டுவோம்.

செல்வி: "ஒடம்பு நல்லா கீதா பாய்?"

உடல் நலமே. மனம் அதனினும் நலம்.

19, புதன்

நாயுடு புலால் உண்ணார். எனவே நாளைக் கஞ்சியில் கறி இல்லை. இளைய மகன்: "கறி இல்லாத கஞ்சிய யாரு அத்தா குடிப்பாங்க? நம்ம ஊட்லயே நமக்குப் பத்தியமா?" ஒருநாள் பத்தியத்தால் குலம் அழியாது என்றேன்.

நாயுடுவுக்கு வரவேற்பு வெண்பா தொடங்கினேன். மூன்றடி தடையின்றி வந்தது. ஈற்றடி சண்டித்தனம்.

செல்வி தொலைபேசியில்: மாற்றி முடித்தாயிற்று. "உங்க சாளரத்த புடுங்கசொல்லோ எனுக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சி."

எனக்கும். ஆயினும் நாள் முழுதும் காரணமின்றிச் சிரிப்பு. பெருநாள் முன்னமே வந்துவிட்டது போல.

20, வியாழன்

வானம் கருக்கல். பெரியபாளையம் வழிப் பேருந்தில் நாயுடு வந்திறங்கினார். பளிச்சென்ற திருமண், சட்டைப்பையில் ஒரு குறுந்தட்டு. மடல்களைப் படித்து ஆறடி ஆள் என்று எண்ணியிருந்தேன், என்னிலும் குள்ளம். அவர் முதற்சொல்: "இன்னா பாய், இத்தினி சாதுவா கீறீங்க. எழுத்துல கத்தி வெச்சிக்கினு திரியறீங்களே."

பாங்கு. பேரீச்சை. கஞ்சியை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். இளைய மகனும் மறுபடி கேட்டான், குறித்து வைக்கிறேன்.

தொழுது மாடியேறினோம். செல்வி எங்கள் கோப்பைத் திறந்தாள். எங்கும் பலகணி. எங்கும் அழி. நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின் தம் குறுந்தட்டை நீட்டி, "இதயும் போடும்மா" என்றார்.

போட்டாள். எங்கும் சாளரம். எங்கும் நீக்கு.

அவரும் செவ்வாயன்றே தம் சொற்களை விட்டு எங்கள் சொற்களை ஏற்றுவிட்டாராம், யாருக்கும் சொல்லாமல். கட்டற்ற உரிமம் அல்லவா: எவர் கோப்பையும் எவரும் கேளாமல் எடுக்கலாம். கேட்க வேண்டியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

செல்வி நாற்காலியோடு திரும்பினாள். "ரெண்டு பேரும் ஊட்ட மாத்திக்கினு குடிபூந்துட்டீங்களா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கொடைமடம் என்று முன்னோர் பெயர் வைத்தது இதற்கே.

அடுத்த பூசல் உடனே. உம் சொல்தான் போக வேண்டும் என்று நான். "முடியாது பாய், உங்குளுதுதான்" என்று அவர். ரஹிமா இடையே வந்தாள். "போன வாரம் வரிக்கும் என் சொல்லு என் சொல்லுன்னு சண்டை. இப்போ உன் சொல்லு உன் சொல்லுன்னு சண்டை. நாளிக்கு வெள்ளிக்கெழமை அத்தா. எனுக்கு ஒரு ஃபைல் வேணும்."

நாயுடு வழி சொன்னார்: அவர் என் சொல்லுக்கு வாதாடுவது, நான் அவர் சொல்லுக்கு. எவர் வாதம் வலிதோ அவர் பேசிய சொற்களே நிற்கும். எல்லாம் ஒருசேர. நடுவர் ரஹிமா.

அவர் முதலில். சாளரத்தின் வழியே தென்றல் புகுந்து வைகுந்தத்துத் திருமாமணி மண்டபம் மணந்தது போல் பேசினார். என் சொல்லை இவ்வளவு அழகாக நானே பேசியதில்லை. கண் கலங்கிற்று.

பின் நான். எழுந்து அவர் பக்கம் போய் நின்ற பிறகே அது தோன்றியது: சாளரம் காற்றுக்கு, பலகணி பார்வைக்கு. கணினியில் காற்றுக்கு என்ன வேலை? பார்க்கவே திறக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திறக்கிறோம், பல கண்.

நாயுடு கையை உயர்த்தினார். "பாய், இது எனுக்கே ஒரு வர்ஷமா தோணலியே."

ரஹிமா: "அத்தா ஜெயிச்சிட்டாரு."

செல்வி: "அப்போ பாய் தோத்துட்டாரு."

வாழ்வில் இத்துணை இன்பமாக வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

21, வெள்ளி

நல்ல மழை. ஜும்ஆ முடிந்ததும் கோப்பு அனுப்பினோம். பெயர்ப் பட்டியலில் எக்குழு முன்னே என்று நாயுடுவும் நானும் தொலைபேசியில் மீண்டும் உபசாரம் தொடங்க, செல்வி யாரையும் கேளாமல் பொத்தானை அழுத்தினாள்.

அந்திக்குள் ஜெர்மனியிலிருந்து விடை: பெற்றுக்கொண்டோம், கட்டித் தருகிறோம். இறுதியில் தமிழெழுத்தில் "நன்றி".

வெண்பாவின் ஈற்றடி கிடைத்தது. விருந்தாளி போனபின்.

7 நவம்பர், திங்கள்

கொட்டும் மழை. சாலையில் முழங்கால் நீர். ஆயினும் நாற்காலிகள் நிறைந்தன. நாயுடு முந்தாநாள் பெருநாள் வாழ்த்தோடு கொண்டுவந்து தந்த, ஜெர்மனியில் கட்டிய மென்பொருளின் குறுந்தட்டே எல்லாக் கணினிகளிலும். அடுத்து தி.கூ.வினர் உலாவி மென்பொருளைத் தமிழாக்குகிறார்களாம், நாங்களும்தான். மடற்குழுவில் இன்று காலையே முதல் அம்பு வந்துவிட்டது. மகிழ்ச்சி.

ரஹிமா என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். முன்வரிசையில் காளியம்மாள், கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றின் உணவகத்தில் சமைப்பவர். அவருடைய திரையை நான் சுட்டி, இதோ, இதற்குப் பெயர் சாளரம், என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். எழுத்துக் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாய், இங்க பலகணின்னுல்ல போட்டுகிது. தமிழ் படிக்கத் தெரியாதா உங்குளுக்கு?"