முள்சுறாச் சரிவு

12 மார்ச் 2063, 07:10
ஆழம் 640 மீட்டர். அழுத்தம் சரி, காற்று சரி. இந்தச் சின்னக் கடலடி நிலையத்தில் நான் ஒருத்திதான்: செராபினா, சுறா ஆய்வாளர். வெளியே 212 முள்சுறாக்கள், எல்லாம் சினை. முழங்கை நீளந்தான் இருக்கும். இரண்டு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும் இனம். இந்தச் சரிவில் மிச்சம் இவைதான், போனால் போனதுதான்.

11:30
இறாலுக்கு மடிவலை இழுக்கும் விசைப்படகு ஒன்று வந்தது. சின்னமுட்டம் வியாகப்பனுடையது. வயர்லெஸில் கெஞ்சினேன். தனக்கு இறால் போதும், சுறா கழிவு, திரும்பக் கடலிலேயே கொட்டிவிடுவதாகச் சொன்னார். செத்ததைக் கொட்டி என்ன புண்ணியம்? தலையில் அடித்துக்கொண்டேன்.

13 மார்ச், 06:40
எல்லாப் படகுகளுக்கும் வரைபடம் அனுப்பினேன். சரிவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சுறாவுக்காக என்றால் சிரிப்பார்கள். அதனால் உள்ளே பாறை, வலை கிழியும் என்று ஒரு பொய்யும் சேர்த்தேன்.

14:15
பதினோரு படகுகள் வந்து நிற்கின்றன. வியாகப்பன் சொன்னது:
"நல்ல எடம் கிட்டினா நாங்களும் பாறை கெடக்குன்னுதான் சொல்லுவோம் மேடம். மத்தவன் வரப்பிடாதுல்லா."
நானும் மீனவன் மகள்தான். இதே பொய்யைச் சொல்லி அப்பா எத்தனை பேரை ஏய்த்திருக்கிறார்! படித்த முட்டாள் நான். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

16:50
58 மிச்சம். விளக்கைப் போட்டு விரட்டிப் பார்த்தேன். ஓடித் தொலையாமல் நிலையத்தின் கால்களுக்கடியில் வந்து ஒண்டுகின்றன, சனியன்கள்.

17:20
வியாகப்பனின் மடி நிலையத்தையும் அவற்றையும் சேர்த்து வாரிவிட்டது. மேலே மிதவையோடு நிலையத்தை இணைத்த தூக்குவடமும் காற்றுக்குழாயும் அறுந்தன. மிதவையின் வயர்லெஸுக்குப் போகும் பேசும் கம்பி மட்டும் தப்பியது. உள்ளே ஐம்பது நிமிடக் காற்று.
"தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். இப்ப ஒங்களுக்கு என் மடிக்கயிறுதான் கெதி. இழுக்கட்டா?"
ஜன்னல் வழியே எண்ணினேன். 58-ம் உயிரோடு இருக்கின்றன. கயிற்றை அறுக்கச் சொன்னால் மடியின் வாய் தளர்ந்து அவை தப்பிவிடும். நான் இங்கேயே கிடப்பேன்.

17:31
மூன்று முறை கேட்டுவிட்டார். ஜன்னலில் மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

17:34
"இழுங்க" என்றேன்.

17:48
320 மீட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நெரிசலில் குட்டிகளை உதிர்க்கின்றன. முதிராத குட்டிகள், மஞ்சள்கருப் பையோடு. வியாகப்பன் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு மூச்சு நன்றாகத்தான் வருகிறது.