சருகைக் கொளுத்திய பிறகு

இராஜபாளையம்,
பங்குனி, வெள்ளிக்கிழமை

கொழும்பிலிருக்கும் என் மகன் அபுபக்கருக்கு அத்தா பீர் முகமது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் இதுவரை இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் உடம்பும் கடையும் நலமாயிருக்க வேண்டும். உன் பெண்டாட்டி அசீனாவும் பிள்ளையும் சுகம், பசித்தால் பயல் தோப்பையே எழுப்பிவிடுகிறான், உன் பிள்ளை வேறெப்படி இருப்பான். இதுவரை என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய், பதறாமல் படி.

மருத்துவச்சி சீனியம்மாள் கிணற்றடியில் ஓர் அரணையைப் பார்த்துவிட்டு, இது கடிச்சா தண்ணி கேக்கக்கூட நேரமிருக்காது, பிள்ளை பெறப்போற வீட்டுல இதை விட்டுவைக்கலாமா என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். உன் அம்மா அதை உனக்கு எழுதவைத்தாள், நீயும் பயந்துபோய்த் தோப்புச் சருகை முழுக்கக் கொளுத்திவிடுங்கள் என்று பதில் போட்டாய். வேண்டாம் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, சம்பாதிக்கிற பிள்ளையின் பேச்சுக்கு முன் கிழவன் பேச்சு எடுபடுமா. அய்யனார் கோவில் சரிவில் கடுக்காய்க் குத்தகை எடுத்து அலைகிற எனக்கு அரணையைத் தெரியாதா? எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் உடம்பு, நாலு குட்டைக்கால், கண்ணை இமைக்கும், காதுத் துளை இருக்கும், பாம்புக்கு இந்த மூன்றுமே கிடையாது. அதற்கு விஷமும் இல்லை. மேலே எவ்வளவு வெயிலடித்தாலும் சருகுக்கு அடியில் ஈரமிருக்கும், அங்கே பூச்சியைத் தின்று, மக்கிய மரத்தடியில் பிழைத்துக் கிடக்கும். நம் தோப்பு காட்டை ஒட்டியிருப்பதால் இங்கேயும் இருந்தது.

காவல்காரன் தங்கச்சாமி தீ வைத்தான், தோப்பு கட்டாந்தரையாயிற்று. ஈரம் மிச்சமிருந்தது அசீனா படுத்திருக்கும் அறையில் தண்ணீர் புழங்கும் அங்கணத்தில்தான், அரணையெல்லாம் அங்கே வந்துவிட்டன. உன் அம்மா விளக்குமாற்றோடு திரிந்தாள். எனக்கு அரணையால் பயமில்லை, அதைத் தின்ன வருவதை நினைத்துத்தான் பயம். கட்டுவிரியனுக்கு அரணைதான் சோறு. நேற்று அந்த அறைச் சுவரோரம் விறகை எடுத்தபோது புதிதாய்க் கழற்றிய பாம்புச் சட்டை கிடந்தது, வளையம் வளையமாய்த் தெரிந்தது. விரியன் ராத்திரியில் தரையில் படுத்தவர்களைத்தான் கடிக்கும், அசீனாவைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்லி அனுப்பினேன். பிள்ளை பெத்தவ நாப்பது நாள் கழியுமுன்ன பாயை விட்டு ஏறக்கூடாது, அவியளுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று என்னைச் சொல்லிச் சீனியம்மாள் சிரித்தாளாம். அந்த அறைக்குள் ஆண்கள் போகும் வழக்கமில்லை, வாசலில் நின்று கத்தத்தான் முடிந்தது.

இதை எழுதும்போதே உன் அம்மா வந்து சந்தோஷமாய்ச் சொல்கிறாள், அறைக்குள் பானைக்கடியில் மிஞ்சியிருந்த அரணைகளில் ஒன்றைக்கூடக் காலையிலிருந்து காணவில்லையாம், சனியன் தொலைந்ததாம். தொலையவில்லை, விரியன் உள்ளே வந்து தின்றிருக்கிறது. வழக்கமாவது ஒன்றாவது, தங்கச்சாமியை ஒருபக்கம் பிடிக்கச் சொல்லிக் கட்டிலோடு நான் உள்ளே போகிறேன். போய்வந்து ஒரு வரி சேர்க்கலாமென்றால் தபால்காரன் வாசலில் நிற்கிறான். இது உன் கைக்கு வரும்போது அந்த அறையில் நடப்பது நடந்து முடிந்திருக்கும்.

தொழுகையை விடாதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் உன் பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுள் தர துஆ செய்கிறேன், நீயும் செய். கடலுக்கு அப்பாலிருந்து இனி எதையும் கொளுத்தச் சொல்லி எழுதாதே.

உன் அத்தா,
பீர் முகமது